கோயிலுக்குள் ஒரு கூலிங் கிளாஸ்

போன வாரம் வேலூரில் ஒரு கல்யாணம். தாம்பரத்திலிருந்து காரில் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் நெருங்கும்போது, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ராமானுஜரை ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாமே" என்றாள் மனைவி.

தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் — இது 'இவ்வளவு தூரமா'? ஆனால் கோயில் விஷயத்தில் மனைவியிடம் வாதம் பண்ணி ஜெயித்த ஆண்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து காலில் விழுகிறேன்.

ஹைவேயை விட்டு ஊருக்குள் திரும்பினோம். நான் சில வருஷங்கள் குப்பை கொட்டிய ஊர்தான். ஆனால் எனக்கே வழி தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் மொபைல் கடை, பிரியாணிக் கடை, ஹாஸ்டல் போர்டு. நல்லவேளை, கோபுரத்தை யாரும் இடம் மாற்றவில்லை.

ராமானுஜர் சன்னதியில் கூட்டம் இல்லை. நின்று நிதானமாகப் பார்க்க முடிந்தது. கூப்பிய கைகள், அந்த முகம், அந்தக் கண்கள்... கண்களைப் பார்த்ததும் நான் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். "என்னாச்சுங்க?" என்றாள்.

"கார்ல சொல்றேன்."

காரில் சொன்னேன். உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

அது இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பிந்திய காலம். மொபைல் வைத்திருப்பவனை நின்று திரும்பிப் பார்ப்போம். பெங்களூர் ரோட்டை அகலப்படுத்தப் புளிய மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தேன். பிள்ளைப்பாக்கத்தில் முனுசாமி அண்ணன் வீட்டு மாடியில் ரூம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஆளுக்கொரு ஷிப்ட் என்பதால், ஒருத்தன் எழுந்து போன பாயில் இன்னொருத்தன் வந்து படுப்பான். அந்தப் பாய் ஆறி நான் பார்த்ததே இல்லை.

ஒரே சோப்பு, ஒரே பக்கெட், ஒரே சீப்பு. சண்டை வந்தால் அது ரேடியோவில் எந்த ஸ்டேஷன் வைப்பது என்பதற்காகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் குளியல், அப்புறம் மெஸ்ஸில் மீன் குழம்பு. இன்றைக்கு எனக்குத் தனி பெட்ரூம், ஏ.சி. எல்லாம் இருக்கிறது. அந்தத் தூக்கம்தான் இல்லை.

அந்த ரூமில் என் நெருங்கிய சிநேகிதன் ஆதிநாதன். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்து கிராமம். அந்த ஊர்ப் பெருமாள் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். நாங்கள் கூப்பிட்டது ஆதி. கிரைண்டிங் செக்ஷனில் இரும்பைச் சாணை பிடிக்கிற வேலை.

கிரைண்டிங் பண்ணும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும். கம்பெனி கொடுக்கும். ஆனால் வியர்வையில் அது மங்கிப்போகும். கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் லைனில் பீஸ் சேர்ந்துவிடும். அதனால் ஆளாளுக்கு ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள் — கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வது. ஒரே ஒரு பீஸ்தானே... முடித்துவிட்டு இறக்கிக்கொள்ளலாம்!

ஒரு புரட்டாசி மாதம், அந்த 'ஒரே ஒரு பீஸில்' ஆதியின் இடது கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்தது.

சென்னையில் ஆபரேஷன் பண்ணினார்கள். கண் இருந்தது, பார்வை போய்விட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். கறுவிழியில் வெள்ளையாக ஒரு சின்னத் தழும்பு. கம்பெனியில் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவனும் பழகிக்கொண்டான். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவான். மாடிப் படியில் தடுக்குவான். தடுக்கிவிட்டு அவனே முதலில் சிரிப்பான்.

ஊருக்கு மட்டும் சொல்லவில்லை.

வாரா வாரம் எஸ்.டி.டி. பூத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவான். அவன் ஊரில் கடைக்காரர் வீட்டு போன்தான். யாராவது ஓடிப்போய் அம்மாவைக் கூட்டி வர வேண்டும். அம்மா மூச்சு வாங்க "எய்யா..." என்பது எனக்கே கேட்கும். தீபாவளிக்கு வரச் சொன்னபோது, "ஓ.டி. போட்டுட்டாவும்மா, லீவு இல்ல" என்று சொல்லிவிட்டான்.

"எத்தனை நாள்டா மறைப்ப?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அம்மைக்குத் தெரிஞ்சா அடுத்த பஸ்ல வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருவா. இரும்பு வேலைக்கிப் போவாதன்னு அழுதவ அவ. சரி, போறேம்னு வச்சுக்கோ... ஊர்ல எனக்கு என்ன பேரு வைப்பானுவன்னு நெனைக்க? ஆதிநாதன்னு கூப்பிடுவானுவளா? சாவுற வரைக்கும் ஒத்தக்கண்ணன்தான். இங்க நான் ஸ்டோர் ஆதி. இது போதும்டே."



மார்கழி பிறந்தது. பூத்தில் ஒரு நாள் போனை வைத்துவிட்டு வெளியே வந்தவனின் முகம் செத்துப்போயிருந்தது. ஊரிலிருந்து பெண்கள் எல்லாம் சேர்ந்து பெருமாள் கோயில் யாத்திரை வருகிறார்களாம். சமையல்காரர், பாத்திரம், பண்டம் எல்லாம் பஸ்ஸிலேயே. காஞ்சிபுரம் முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீபெரும்புதூர். "ஒன்னையும் பாத்துக்கிடலாம், ராமானுஜரையும் பாத்துக்கிடலாம்" என்றாளாம் அம்மா. யாரை முதலில் சொன்னாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூமில் அவசரக் கூட்டம். லீவு இல்லை என்று சொல்ல முடியாது — ஞாயிற்றுக்கிழமை. வெளியூர் போய்விட்டான் என்றால் அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி ரூமில் உட்கார்ந்துவிடுவாள். யோசித்து மண்டை காய்ந்தபோது, வாடகை வாங்க வந்த முனுசாமி அண்ணன்தான் வழி சொன்னார்.

"இதுக்கு இன்னாத்துக்குப்பா ஒப்பாரி வெக்கிறீங்கோ? மெட்ராஸ் ஐ-னு சொல்லிக்கினு கூலிங் கிளாஸ மாட்டிக்கினு போயேன். பாத்தா ஒட்டிக்கும்னா ஒரு ஆளு கிட்ட வரமாட்டான். நம்ப வூட்ல ஒரு கிளாஸ் கீது, எட்தாரேன்."

எடுத்தும் வந்தார். அவருடைய மச்சான் தன் கல்யாணத்துக்குப் போட வாங்கியதாம். பெரிய சைஸ். ஆதியின் முகத்தில் பாதியை அது மூடியது. அதுதானே வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. வானம் மூடிக்கிடந்தது. பனியும் விடவில்லை. கோயில் வாசலில் கூலிங் கிளாஸோடு ஒருத்தன் நிற்கிறான். பூக்காரம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஷூட்டிங்காப்பா?" என்று கேட்டார்.

பஸ் வந்தது. முதலில் இறங்கியது அம்மாதான். ஒல்லியாக, நெற்றியில் திருமண், கையில் மஞ்சள் பை. ஓடி வந்து அவன் கன்னத்தைத் தொடப் போனாள்.

"கிட்ட வராதம்மா! மெட்ராஸ் ஐ. ஒட்டிக்கிடும்."

பின்னால் வந்த பெண்கள் கூட்டம் அப்படியே ஓரடி பின்வாங்கியது. முனுசாமி அண்ணன் மேதை! அம்மா மட்டும் நகரவில்லை.

"ஒட்டுனா ஒட்டட்டும். எத்தன நாளா இருக்கு? நந்தியாவட்டப் பூவ எடுத்து ராத்திரி கண்ணு மேல வச்சுக் கட்டிட்டுப் படு. ஒண்ணுமே செய்யலையா நீ?" என்றவள் என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லக் கூடாதாய்யா?" என்றாள். நான் செருப்பை எங்கே விடுவது என்று தேட ஆரம்பித்தேன்.

உள்ளே போனோம். கூட வந்த யாத்திரை ஏஜென்ட் தலபுராணம் சொல்லிக்கொண்டே நடந்தார். இந்த ஊருக்குப் பூதபுரி என்று பெயர். சிவபெருமான் ஆடும்போது பூதகணங்கள் சிரித்துவிட்டன. 'போங்கடா வெளியே' என்று சாபம். வேலை போன பூதங்கள் இங்கே வந்து பெருமாளை நோக்கித் தவம் இருந்தன. ஆதிசேஷன் ஒரு குளத்தை உண்டாக்கிக் கொடுக்க, அதில் குளித்துச் சாபம் நீங்கி, மறுபடி வேலைக்குச் சேர்ந்தன. அனந்தசரஸ் என்கிற அந்தக் குளம் இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் கம்பெனி ஆண்டு விழாவில் மேனேஜர் ஆடியபோது நாங்கள் யாரும் சிரிக்காமல் இருந்தது எவ்வளவு நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு ராமானுஜர் சன்னதிக்கு வந்தோம். குளிருக்கு அவருக்குக் கம்பளி போர்த்தியிருந்தார்கள். "சிலைக்குப் போய்க் கம்பளியா?" என்று ஒரு பெண் மெதுவாகக் கேட்டது அர்ச்சகர் காதில் விழுந்துவிட்டது.

"சிலைன்னு சொல்லப்படாதும்மா. இது தானுகந்த திருமேனி. சுவாமி இருக்கறப்பவே பண்ணினது. அவரே கட்டித் தழுவிண்டு, தன்னோட சக்தியெல்லாம் இதுல வெச்சு இங்கே அனுப்பி வெச்சார். அதனாலதான் குளிர் காலத்துல வெந்நீர்ல திருமஞ்சனம், கம்பளி எல்லாம். இங்கே சிற்பி உளியை வெச்சுக் கண் திறந்தப்போ, அங்கே ஸ்ரீரங்கத்துல உட்கார்ந்திண்டிருந்தவரோட கண்ணுல ரத்தம் கசிஞ்சுதாம். 'என் ஊர்ல எனக்குக் கண் திறக்கறா'ன்னாராம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆதி என் கையை இறுக்கிப் பிடித்தான்.

அம்மா அர்ச்சகரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சாமி... ரொம்ப வலிச்சிருக்குமோ அவருக்கு?" என்று கேட்டாள்.

சிலர் சிரித்தார்கள். அர்ச்சகர் சிரிக்கவில்லை. "கண்ணாச்சேம்மா. வலிக்காம இருக்குமா?" என்றார்.

"ஏய்யா, சாமிக்கு முன்னால கண்ணாடியக் கழட்டிட்டுக் கும்பிடு" என்றாள் அம்மா. ஆதி கழற்றினான். கழற்றியவன் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு கும்பிட்டான். ராமானுஜரைப் பார்க்க வந்துவிட்டு, அவரைப் பார்க்காமலே நின்றான். தீபாராதனை முடிந்ததும் கண்ணாடி பழையபடி மூக்குக்கு வந்துவிட்டது.

அடுத்து தீர்த்தம். ஆதி கையை நீட்டினான். ஒற்றைக் கண்ணால் பார்ப்பவர்களுக்குத் தூரம் சட்டென்று பிடிபடாது. அர்ச்சகர் ஊற்றிய தீர்த்தம் அவன் கையைத் தாண்டித் தரையில் விழுந்தது. மறுபடி ஊற்றினார். மறுபடியும் பாதிதான் கையில் விழுந்தது.

"கறுப்புக் கண்ணாடி போட்டா எப்படித் தெரியும்?" என்று யாரோ சொன்னார்கள். அந்த மகராசி யாரோ... அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். அம்மா தரையில் சிந்திய தீர்த்தத்தை விரலால் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

வெளி மண்டபத்தில் எல்லோருக்கும் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். ஆதி ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நான். அம்மா இரண்டு தொன்னைகளை வாங்கிக்கொண்டு அவனுக்கு இடது பக்கமாக வந்தாள். ஒரு தொன்னையை அவன் தோளுக்குப் பக்கத்தில் நீட்டினாள். பேசவில்லை. நீட்டியபடியே நின்றாள்.

அவன் திரும்பவில்லை.

தொன்னைகளைத் தரையில் வைத்தாள். கூலிங் கிளாஸுக்கும் கன்னத்துக்கும் இடையில் பெரிய இடைவெளி இருந்தது — மச்சான் சைஸ் அல்லவா. அந்த இடைவெளிக்கு நேராக, கொசு விரட்டுகிற மாதிரி கையை ஆட்டினாள். ஒரு தரம். நிறுத்திவிட்டு இன்னொரு தரம்.

அவன் குளத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நான் எழுந்து ஓடியிருக்கலாம். ஏதாவது பேசிக் கெடுத்திருக்கலாம். எதுவும் செய்ய வரவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு தொன்னைகளை எடுத்துக்கொண்டாள். தூணைச் சுற்றிக்கொண்டு அவனுடைய வலது பக்கம் வந்தாள்.

"இந்தாய்யா, சூடா இருக்கு. சாப்பிடு" என்றாள். குரல் பழையபடி இருந்தது.

"நெய் வாசம் தூக்குதும்மா" என்றான் ஆதி, சந்தோஷமாக.

பஸ்ஸுக்குக் கிளம்பினோம். தேரடித் தெருவில் சைக்கிள், ஆட்டோ, கம்பெனி வேன் எல்லாம் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தன. அம்மா அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பார்ப்பவர்களுக்கு மகன் அம்மாவைக் கூட்டிப் போகிற மாதிரி இருக்கும். மெஸ்ஸில் என்ன குழம்பு, ஸ்டோரில் மின்விசிறி உண்டா என்று ஊர்க் கதையெல்லாம் கேட்டுக்கொண்டே போனாள். ஆதி என் பக்கம் சாய்ந்து, "தப்பிச்சோம்டே!" என்று கிசுகிசுத்தான். நான் தலையை ஆட்டினேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவள், "எய்யா, வெத்தல வாங்கியாயேன்" என்று அவனை அனுப்பினாள். அவன் கடைப் பக்கம் போனதும், ஜன்னல் கம்பி வழியாக என் கையைப் பிடித்தாள்.

"வெளிச்சமாவது தெரியுமாய்யா அவனுக்கு?"

"தெரியும்மா."

"வேலைல பட்டதா?"

"ஆமாம்மா. புரட்டாசியில."

"புரட்டாசியா..." என்று யோசித்தாள். "இங்க உளி பட்டதுக்கு அங்க அவருக்கு வலிச்சுதுன்னு சொன்னாரே அந்தச் சாமி. எம்புள்ளைக்குக் கண்ணு போயிருக்கு... நான் நெல்லு அவிச்சிட்டு இருந்துருப்பேன். இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரிகூட சிரிச்சிப் பேசிட்டு இருந்துருப்பேன். எனக்கு ஒரு வலியும் தெரியலையேய்யா! நான் என்ன தாயி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவன் உங்களுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்ம்மா மறைச்சான்" என்று ஏதோ உளறினேன். அவனையும் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்களா என்று கேட்டேன்.

அவள் கடைப் பக்கம் பார்த்தாள். ஆதி வெற்றிலைக்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கூட்டிட்டுப் போகணும்னுதான் இருக்கு. ஆனா இம்புட்டுப் பாடுபட்டு மறைச்சிருக்கான்னா, இங்கதான் இருக்கணும்னு ஆசப்படுதான். இருந்துட்டுப் போறான். எனக்குத் தெரியும்னு சொல்லிராத. அவனாச் சொல்லுதப்ப சொல்லட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரோட்டுல லாரியாப் போவுது. ரெண்டு பேரும் நடந்து போறப்ப, அவனுக்கு இடது கைப் பக்கம் நீ நின்னுக்கிடுவியாய்யா?"

ஆதி வெற்றிலையோடு வந்துவிட்டான்.

இதை நான் எழுதுவதால் ரகசியம் உடைந்துவிடுமே என்று பதற வேண்டாம். இரண்டு வருஷம் கழித்து ஆதிக்குப் பெண் பார்த்தபோது, அம்மாவே பெண் வீட்டில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்பதே ஆதிக்கு அப்போதுதான் தெரிந்ததாம். இன்றைக்கு அவன் ஒரகடத்தில் ஒரு ஸ்டோருக்கே இன்சார்ஜ். அம்மா அவனோடு குன்றத்தூரில் இருக்கிறாள். இந்தப் பத்தியை எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது, ஆனா என்னை ஒல்லியா எழுது" என்றான்.

அந்த மார்கழி ஞாயிறுக்கு வருகிறேன். பஸ் கிளம்பியது. அது திரும்பி மறைகிற வரைக்கும் ஆதி கையை ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு கூலிங் கிளாஸைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். பெரிய பாரம் இறங்கியவனாக, "வா, நடந்தே போவோம்" என்றான். நான் சுற்றிக்கொண்டு போய் அவனுடைய இடது பக்கம் சேர்ந்துகொண்டேன்.

"ஏண்டே இந்தப் பக்கம் வாற?"

"அந்தப் பக்கம் வெயில்டா" என்றேன்.

வானத்தில் அப்போது சூரியனே இல்லை.